நாய் சுமக்கும் தண்ணீர்

சென்ற கோடை விடுமுறைக்குச் சில தினங்களுக்கு முன்பு, எட்டாம் வகுப்பில் மலைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தேன். படத்தின் ஒரு மூலையில் பெரிய நாய் ஒன்று பனியில் நின்றது. அதன் கழுத்தில் சிறு மரப்பீப்பாய் தொங்கியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், அந்தப் பீப்பாய்க்குள் என்ன இருக்கும்?" என்று கேட்டான்.

"பிராந்தி" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பனியில் புதைந்து விறைத்துப்போன வழிப்போக்கனுக்கு உடம்பில் சூடேற்றுவதற்காக, மலைமேல் உள்ள மடத்துத் துறவிகள் நாயின் கழுத்தில் பிராந்தியைக் கட்டி அனுப்புவார்கள் என்று, நான் சிறுவனாயிருந்தபோது எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே ஒப்பித்தேன். அன்றிரவு ஏதோ சந்தேகம் தோன்றிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அந்தப் பீப்பாய் வெறும் கற்பனை என்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் தவறை ஒப்புக்கொண்டேன். உபாத்தியாயர் தவறை ஒப்புக்கொள்ளும்போது மாணவர்கள் அடையும் ஆனந்தத்தைப் பற்றி இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை.

நாயும் மடமும் பொய்யல்ல. ஸ்விட்ஸர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 8,100 அடி உயரத்தில், கிரேட் ஸெயிண்ட் பெர்னார்ட் என்னும் கணவாய் இருக்கிறது. அங்கே பதினோராம் நூற்றாண்டிலேயே துறவிகள் ஒரு மடத்தை ஸ்தாபித்து, பனியில் வழி தவறியவர்களுக்கு அன்னமும் அடைக்கலமும் அளித்து வந்தார்கள். அவர்கள் வளர்த்த நாய்களுள் பாரி என்பது மிகவும் பெயர் பெற்றது. அது நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாகக் கூறுவர். முதுமையடைந்ததும் அதை பெர்ன் நகருக்கு அனுப்பினார்கள். 1814ல் அங்கே அது இறந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி அந்நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பனிக்குள் மனிதனைக் கண்டுபிடித்துத் தோண்டி வெளிக்கொணர்வதும், தன் உடம்பின் வெப்பத்தை அவனுக்கு அளிப்பதும் அந்நாய்களின் வேலை. பிராந்தி சுமந்தது மட்டும் இல்லை.

பீப்பாயைக் கட்டியவர் ஓர் ஓவியர். எட்வின் லாண்ட்ஸீர் என்னும் ஆங்கிலேய வாலிபர், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், 1820ல் தீட்டிய சித்திரத்தில் ஒரு நாயின் கழுத்தில் பீப்பாயை வரைந்தார். படம் பிரசித்தியடைந்தது. பீப்பாயும் உலகமெங்கும் பரவிவிட்டது. உண்மையில் குளிரால் விறைத்தவனுக்கு மது கொடுப்பது தீமையே. மது தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உடம்பின் உள்ளே எஞ்சியிருக்கும் சொற்ப வெப்பமும் அதன் வழியாக வெளியேறிப் போகிறது.

ஆயினும் அந்தக் கற்பனை இருநூறு வருஷங்களாக ஏன் சாகாமல் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்கப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா என்னும் எண்ணம் நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. மரண வேதனையில் கிடப்பவனிடம் முதன்முதலாகச் செல்லும் ஜீவன் ஏதாவது ஒன்றைக் கொண்டு செல்ல வேண்டும் என்று மனம் விரும்புகிறது. இந்த விருப்பத்தில் எவ்வளவு நடைமுறைக்கு வரும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

2023ம் வருஷம் பிப்ரவரி 6ந் தேதி துருக்கியிலும் ஸிரியாவிலும் ஏற்பட்ட பூகம்பத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் தேசிய பேரிடர் மீட்புப் படையினர் அங்கே சென்றிருந்தனர். அவர்களுடன் ஜூலி, ரோமியோ என்னும் லாப்ரடார் நாய்களும் போயிருந்தன. காஸியான்டெப் பிரதேசத்தில் இடிந்து கிடந்த ஒரு கட்டிடத்தில், யந்திரங்களுக்கு எதுவும் புலப்படாத இடத்தில், ஜூலி உள்ளே புகுந்து குரைத்தது. சந்தேகம் தீர ரோமியோவை அனுப்பினார்கள். அதுவும் அதே இடத்தில் நின்று குரைத்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று உயிருடன் மீட்கப்பட்டது.

பத்திரிகைகளில் இச்செய்தியைப் படிக்கும்போது, நாய் குரைத்தது, குழந்தை வந்தது என்று இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது? ஒரு தளத்தின்மேல் இன்னொரு தளமாகச் சரிந்து கிடக்கும் கான்கிரீட்டை அவசரப்பட்டு நகர்த்த முடியாது. ஒரு பலகையை அசைத்தால் மற்றொன்று கீழே இறங்கும். மரத்தூண் கொடுத்து, துளையிட்டு, இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக அறுத்து, வாளி வாளியாக மண்ணை வெளியே கடத்த வேண்டும். நாய் சில நிமிஷங்களில் கண்டுபிடித்ததை மனிதன் எட்டிப் பிடிக்கப் பல மணி நேரம் ஆகிறது. சில சமயம் முழுதாக ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடுகின்றன. உள்ளே இருப்பவருக்கோ நாக்கு வறண்டு போயிருக்கிறது. தம்மைக் கண்டுகொண்டார்களா இல்லையா என்பதுகூடத் தெரியாது. உணவின்றி மனிதன் பல வாரங்கள் தாங்குவான்; தண்ணீரின்றிச் சில நாட்களே தாங்குவான். கோடையிலும் புழுதியிலும் அந்தச் சில நாட்களும் குறைந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி வைத்தியர்கள் அறிந்த வேறொரு செய்தியும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் லண்டன் நகர்மீது குண்டு மாரி பொழிந்த காலத்தில், இடிபாடுகளுக்கடியில் கைகால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்கள் சிலரை உயிருடன் எடுத்தார்கள். எடுத்தபோது நன்றாகவே பேசினார்கள். ஆனால் சில மணி நேரத்தில் நிலைமை மாறியது. சிறுநீர் குறைந்தது, சில தினங்களில் இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு வைத்தியர்கள் 1941ல் இத்தகைய நால்வரின் கதையை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நசுங்கிய தசையில் உண்டாகும் நச்சுப் பொருள்கள், அழுத்தம் நீங்கியவுடன் இரத்தத்தில் கலந்து மூத்திரக் கோசங்களைக் கெடுத்துவிடுகின்றன என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. எனவேதான் பாறாங்கல்லை அகற்றுவதற்கு முன்பே இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்று இக்காலத்து வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். நாய்க்கு ஊசி போடத் தெரியாது, வாஸ்தவந்தான். ஆனால் உள்ளே இருப்பவர் வறண்டு போகாமலிருந்தால் வைத்தியரின் வேலையில் ஒரு பங்கு சுலபமாகிறது.

சாமான் சுமந்து சென்ற நாய்கள் சரித்திரத்தில் உண்மையாகவே இருந்திருக்கின்றன. அவை ஆல்ப்ஸ் மலையில் இல்லை. முதல் உலக யுத்தத்தின் போர்க்களங்களில் இருந்தன. 1914 முதல் 1918 வரை நடந்த அந்த யுத்தத்தில், இரு தரப்புப் பதுங்கு குழிகளுக்கும் நடுவிலிருந்த வெற்று நிலத்தில் காயம்பட்டவர்கள் கிடப்பார்கள். பகலில் தலை நீட்டினால் துப்பாக்கிக்கு இரையாக வேண்டும். இரவில் விளக்கேற்றக் கூடாது. அந்த இருளில் செஞ்சிலுவை பொறித்த பைகளை இரு விலாவிலும் சுமந்துகொண்டு நாய்கள் புறப்படும். பையில் தண்ணீரும், காயத்தைக் கட்டும் துணியும், மருந்தும் இருக்கும். கை அசைக்க முடிந்த சிப்பாய் பையைத் திறந்து தானே கட்டுப் போட்டுக் கொள்வான். இறந்தவர்களை விட்டுவிட்டு, உயிருள்ளவர்களை மட்டும் தேட அவை பழக்கப்பட்டிருந்தன.

கண்டுபிடித்ததைத் தெரிவிப்பதற்கு அந்நாய்கள் குரைக்கக் கூடாது. குரைத்தால் எதிரி சுடுவான். ஆகவே காயம்பட்டவனின் தொப்பியையோ வேறு ஏதாவது பொருளையோ வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வரும்படி முதலில் கற்பித்தார்கள். இதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. தொப்பி இல்லாதபோது, சுறுசுறுப்பு மிகுந்த நாய், சிப்பாய் அரும்பாடுபட்டுக் கட்டிக்கொண்ட கட்டுத்துணியையே பிடுங்கத் தொடங்கியது! பிறகு ஜெர்மானியர்கள் ஒரு உபாயம் கண்டார்கள். நாயின் கழுத்துப் பட்டையிலேயே ஒரு சிறு வாரைத் தொங்கவிட்டார்கள். மனிதனைக் கண்டால் நாய் அந்த வாரைத் தானே கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவரையும் காணாவிட்டால் வாயில் ஒன்றுமின்றி வர வேண்டும். இதற்கு பிரிங்ஸெல் என்று பெயர். இவ்வளவு எளிய ஏற்பாடு எத்தனை பேரைப் பிழைக்க வைத்தது என்று எண்ணும்போது, படிப்பாளிகளின் பெரிய யந்திரங்களைவிட இந்த ஒரு சாண் தோல்வாரின்மீது எனக்கு அதிக மதிப்பு உண்டாகிறது.

அப்படியானால் அதே பையை இன்றைய பூகம்ப நாயின் முதுகில் கட்டிவிட்டால் காரியம் முடிந்ததல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

போர்க்களத்தில் கிடந்தவன் வெட்டவெளியில் கிடந்தான். நாய் நேரே அவன் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. இடிந்த வீட்டில் நிலைமை வேறு. உள்ளே இருப்பவரின் வாசனை புகையைப்போல் இடுக்குகளில் நுழைந்து, எங்கே காற்றுக்கு வழி கிடைக்கிறதோ அங்கே வெளிப்படுகிறது. நாய் குரைக்கும் இடம் வாசனை வெளிப்படும் இடமே. மனிதர் அதற்கு நேர் கீழே இருக்கலாம், பத்து அடி தள்ளியும் இருக்கலாம். நாயின் உடம்பு நுழையக்கூடிய சந்து இருந்தால் மட்டுமே அது அவரை நெருங்கும். அதனால் எல்லாச் சமயங்களிலும் பை பயன்படாது.

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. இடிபாட்டில் தேடும் நாயை, பெரும்பாலும் கழுத்துப் பட்டைகூட இல்லாமல் வெற்றுடம்புடன்தான் அனுப்புவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியில் பட்டை மாட்டிக்கொண்டால் நாய் அங்கேயே தொங்கிச் செத்துப் போகும். பட்டைக்கே இவ்வளவு பயம் என்றால் பைக்கு எவ்வளவு இருக்கும்? நாயுடன் வருஷக்கணக்காக உண்டு உறங்கி வாழ்ந்தவரிடம் போய், "இதன்மேல் ஒரு மூட்டையைக் கட்டி அந்தப் பொந்துக்குள் விடுங்கள்" என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும்! அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாயை இழந்தால், அந்த நாய் அன்றைய தினம் கண்டுபிடித்திருக்கக்கூடிய மற்ற உயிர்களையும் சேர்த்து இழக்க நேரிடும்.

கானடா தேசத்தில் டொரோண்டோ நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றில், இச்சிக்கலை அலெக்ஸாண்டர் ஃபெர்வொர்ன் என்னும் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் பல வருஷங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ரையர்ஸன் சர்வகலாசாலை என்றிருந்த அதன் பெயர் 2022 முதல் டொரோண்டோ மெட்ரோபாலிடன் சர்வகலாசாலை என மாறியிருக்கிறது. கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்பிக்கும் அவர், இடிபாடுகளில் ஊர்ந்து செல்லும் யந்திரங்களில் அக்கறை கொண்டவர். எவ்வளவு சிரமப்பட்டுச் செய்த யந்திரமும் குப்பை மேட்டில் நான்கு அடி போவதற்குள் குப்புற விழுகிறது. நாயோ பூனைபோல் தாவிப் போய்விடுகிறது. எனவே யந்திரத்திற்குக் கால் செய்வதை விட்டு, நாலுகால் உள்ள பிராணிக்கே யந்திரத்தைக் கொடுத்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். ஒண்டேரியோ மாகாணப் போலீஸாரின் நாய்களை வைத்துப் பரீட்சைகள் நடந்தன.

முதலில் நாயின் உடம்பில் சிறு காமிராவைப் பொருத்தி, அது காணும் காட்சியைக் கம்பியில்லாத் தந்தி முறையில் வெளியே இருப்பவர்களுக்குக் காட்டினார்கள். அடுத்தபடியாக வந்ததே நமது பை. அதை முதுகில் அல்ல, வயிற்றுக்கு அடியில் கட்டினார்கள். முதுகில் இருந்தால் மேலேயுள்ள கம்பிகளில் உராயும். நாயின் உயரமும் கூடிவிடும். இங்கே ஓர் அழகான யோசனை செய்தார்கள். உயிருள்ள மனிதரைக் கண்டால் விடாமல் குரைக்க வேண்டும் என்பது அந்நாய்களுக்கு ஏற்கெனவே கற்பித்த பாடம். குரைப்புச் சத்தம் கேட்டவுடன், வெளியே நிற்பவர் தூரத்திலிருந்தே ஒரு விசையை இயக்கினால் பை அவிழ்ந்து அங்கேயே விழுந்துவிடும். நாய்க்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தான் சாமான் கொண்டுபோவது நாய்க்கே தெரிய வேண்டியதில்லை. சுமை கழன்றதும் வெற்றுடம்புடன் திரும்பி வருகிறது.

பின்னர் அதே முறையில், பைக்குப் பதிலாகச் சிறு யந்திரங்களையும் நாயின்மீது ஏற்றி அனுப்பினார்கள். பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் சர்வகலாசாலையார் செய்த பாம்பு வடிவமான யந்திரம் ஒன்றையும் இவ்வாறு நாய் சுமந்து சென்றிருக்கிறது. நாய் புக முடியாத பொந்தில் பாம்பு புகுந்து படம் அனுப்பும். நாய் பாம்பைச் சுமக்கும் இந்தக் காட்சியை நம் புராணக் கதைக்காரர்கள்கூட நினைத்துப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. ஜப்பானில் டோஹோகு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், காமிராவும் இடங்காட்டும் கருவியும் பொருத்திய இலேசான சட்டையை மீட்பு நாய்களுக்காகத் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் அது பார்ப்பதற்கான சட்டை, கொடுப்பதற்கானது அல்ல.

இவையெல்லாம் எங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்டன என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. உலகத்தின் பெரும்பாலான மீட்புப் படைகளில் இன்னும் நாயின் வேலை குரைப்பதோடு முடிகிறது. அதன் பிறகு தண்ணீர் போவது, மனிதன் துளையிட்டுச் செருகும் குழாய் வழியாகத்தான்.

குழாயின் மகிமையை உலகம் 2010ல் சிலி தேசத்தில் கண்டது. ஆகஸ்டு 5ந் தேதி ஸான் ஹோஸே சுரங்கம் இடிந்து 33 தொழிலாளர்கள் 2,000 அடிக்கும் கீழே அகப்பட்டுக் கொண்டார்கள். பதினேழு நாட்களுக்குப் பிறகு ஒரு மெல்லிய துளை அவர்களை எட்டியது. அதன் வழியாகத் தண்ணீர், உணவு, மருந்து, குடும்பத்தாரின் கடிதங்கள் எல்லாவற்றையும் நீண்ட உருளைகளில் அடைத்து இறக்கினார்கள். அந்த உருளைகளுக்குத் தொழிலாளர்களின் பாஷையில் "பலோமா" என்று பெயர்; புறா என்று பொருள். 69 நாட்களுக்குப் பிறகு 33 பேரும் உயிருடன் மேலே வந்தார்கள். இங்கே நாய்க்கு வேலை இல்லை. ஆனால் கண்டுபிடிப்பதற்கும் மீட்பதற்கும் இடையே உள்ள காலம் எவ்வளவு நீளக்கூடும், அதை எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, நாயின் பையில் எதை வைப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். அறுபது, எழுபது ராத்தல் எடையுள்ள நாய் வயிற்றுக்கடியில் அதைக் கட்டிக்கொண்டு கான்கிரீட்டின்மேல் தாவ வேண்டும். என்னைக் கேட்டால் முதற் பையில் தண்ணீர் வேண்டாம் என்பேன். பேசுவதற்கும் கேட்பதற்கும் உதவும் சிறு ரேடியோவைத்தான் வைப்பேன். வயிற்றில் அடிபட்டவர் தண்ணீர் குடிக்கலாமா, எவ்வளவு குடிக்கலாம் என்று வெளியே உள்ள வைத்தியர் கேட்டுச் சொல்ல வேண்டும். தவிர, "நாங்கள் இங்கே இருக்கிறோம், வருகிறோம்" என்னும் ஒரு குரலுக்கு எடை கிடையாது. தண்ணீர் இரண்டாவது நடையில் போகட்டும். இதில் அனுபவஸ்தர்கள் என்னோடு மாறுபடலாம்.

இக்கேள்வியை என் வகுப்பிலும் போட்டுப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்துத் தராசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, ஒரு கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தண்ணீர், பிஸ்கோத்து, டார்ச் விளக்கு, கம்பளி என்று ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. கம்பளியைத் தராசில் வைத்ததும் மற்ற எல்லாம் வெளியே வந்தன. ஒரு பெண் ஊதலைக் கொண்டுவந்தாள். தொண்டை வறண்டவர் கத்த முடியாது. ஊத முடியும் என்று காரணமும் சொன்னாள். அது எனக்கே தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து தராசை எடுத்து வைக்கும்போது, முதலில் பீப்பாயைப் பற்றிக் கேட்ட பையன் மறுபடியும் எழுந்தான்.

"நாய்க்குத் தண்ணீர் யார் கொடுப்பார்கள், ஸார்?"

இந்தத் தடவை சரியான பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இருபது, முப்பது நிமிஷம் தேடியதும் நாயை வெளியே அழைத்துவிடுவார்கள். அதை நடத்துகிறவர் நிழலில் உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் காட்டுவார். கண்ணிலும் மூக்கிலும் அப்பிய புழுதியைக் கழுவுவார். நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கண்ணாடித் துண்டு ஏதாவது தைத்திருக்கிறதா என்று சோதிப்பார். அதற்குள் வேறொரு நாய் உள்ளே போயிருக்கும்.